மாதம் முப்பத்திரண்டு தேங்காய்: கொழுப்பைக் குறைக்கும் உணவுமுறை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் குமரி மாவட்டத்தில், தக்கலையை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் 46 வயது ஆண். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் கணக்குப் பணி அவருடையது. வீட்டில் அவருடைய தாய், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளி செல்லும் மகள் என ஐந்து பேர். மனைவி பள்ளி ஆசிரியை; காலை ஏழரை மணிக்கே கிளம்பிவிடுவார். ஆகவே சமையல் முழுவதும் 70 வயதைக் கடந்த தாயின் பொறுப்பு. இந்தச் செய்தியை முதல் சந்திப்பிலேயே நான் குறித்து வைத்திருந்தேன் என்றாலும், அதற்குரிய கவனத்தை அப்போது கொடுக்கவில்லை. பின்னர் நேர்ந்த தடுமாற்றங்களில் பாதி அங்கிருந்துதான் தொடங்கின.

நான் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பொது மருத்துவர் அனுப்பி வைக்கும் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் வகுத்துக் கொடுப்பது என் வேலை. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக் காலம் நீண்ட இந்த நிகழ்வை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

முதற் பரிசோதனையும் முதல் முடிவும்

அவர் நோயென்று எதற்கும் வரவில்லை. அலுவலகத்தில் கேட்ட மருத்துவச் சான்றுக்காக ஜனவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிப்பட்டது. மொத்தக் கொழுப்பு 256, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 176, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 43, இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 185. இவை அனைத்தும் 100 மி.லி. இரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கில். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.8, அதாவது நீரிழிவின் வாசற்படி. இரத்த அழுத்தம் 132/84. புகைப்பழக்கம் இல்லை. தந்தைக்கு 61 வயதில் மாரடைப்பு வந்திருந்தது.

மருத்துவர் முதலில் வேறு காரணங்கள் உண்டா என்று பார்த்தார். தைராய்டு சுரப்புக் குறைந்தாலே எல்டிஎல் உயர்ந்துவிடும் என்பதால் அந்தப் பரிசோதனை செய்யப்பட்டது. அது இயல்பாக இருந்தது. பரம்பரையாக வரும் மிகை கொழுப்பு நோயில் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்துப் போவதுண்டு. அதையும் தடவிப் பார்த்தார், இல்லை. எல்டிஎல் 190ஐ எட்டாமலும், நீரிழிவோ இதய நோயோ இல்லாமலும் இருந்ததால், 12 வாரம் உணவை மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் 160க்கு மேல் நின்றால் மாத்திரை தொடங்கலாம் என்பது அவருடைய முடிவு. நோயாளிக்கும் மாத்திரையில் விருப்பமில்லை. ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

அப்போது நான் கொடுத்தது எங்கள் மருத்துவமனையில் பல ஆண்டுகளாக அச்சடித்து வைத்திருந்த ஒரு தாள். ஓட்ஸ், அக்ரூட், பாதாம், ஆளிவிதை, ஆலிவ் எண்ணெய், பச்சைக் காய்கறி என்று ‘சேர்க்க வேண்டியவை’ ஒரு பக்கம். தேங்காய், முட்டை மஞ்சள் கரு, ஆட்டிறைச்சி, நெய், வெண்ணெய் என்று ‘தவிர்க்க வேண்டியவை’ மறுபக்கம். அரைமணி நேரம் விளக்கினேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையசைத்தார். சமைப்பவர் அந்த அறையில் இல்லை.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

ஏப்ரலில் வந்த முடிவுகள் இருவருக்குமே ஏமாற்றமாக இருந்தன. எல்டிஎல் 168. எட்டுப் புள்ளிக் குறைவு என்பது, உணவு எதுவும் மாறாமலே ஒருவருக்கு ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே வரக்கூடிய இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். எச்டிஎல் 42. டிரைகிளிசரைடோ 185லிருந்து 210க்கு ஏறியிருந்தது. எடை அரைக் கிலோ குறைந்திருந்தது. அதைக் குறைவென்றே சொல்ல முடியாது.

அவர் ஏமாற்றவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். தாளில் இருந்தவற்றைத் தமக்குப் புரிந்த விதத்தில் ஒழுங்காகவே பின்பற்றியிருந்தார். காலையில் ஓட்ஸ் உண்டா என்றால் உண்டு: இரண்டு கரண்டி ஓட்ஸைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கஞ்சியாக்கி, வழக்கமான புட்டுக்கு முன்னால் குடித்து வந்தார். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் அளவுக்குச் சேர்ந்தால்தான் எல்டிஎல் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். அதற்குச் சுமார் 75 கிராம் உலர் ஓட்ஸ் வேண்டும். அவர் எடுத்ததோ 15 முதல் 20 கிராம். முட்டையை முற்றாக விட்டிருந்தார். மீன்குழம்பில் தேங்காய் இருக்கிறது என்பதால் மீனையும் விட்டிருந்தார். ஆனால் அதே தேங்காய் அவியலிலும் தீயலிலும் எரிசேரியிலும் பொரியலிலும் அப்படியே இருந்தது. ஆக, தேங்காய் நிலைத்துவிட்டது. அதனோடு சேர்ந்த குற்றத்துக்காகச் சாளை மீன்தான் வெளியேற்றப்பட்டது.

மாலையில் அலுவலகத்தில் கொறிக்க நேந்திரங்காய் வற்றல். ‘கொலஸ்டிரால் அற்றது’ என்று உறையில் அச்சிட்டிருந்ததால் அதைத் தயக்கமின்றித் தின்றிருக்கிறார். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டிரால் கிடையாது; அது விலங்குகளிடமிருந்து வரும் உணவில் இருப்பது. அந்த உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பாமாயில் என்று இருந்தது. அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, இரத்தத்தில் எல்டிஎல்லை உயர்த்தும் நிறைவுற்ற வகை. பொய் எழுதாமலே மனிதரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அந்த உறை நல்ல எடுத்துக்காட்டு.

விதித்திருந்த எல்லை 160. அதன்படி மருத்துவர் மாத்திரையைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு, உணவுமுறை தோற்றுவிட்டது என்று சொல்வதற்கு முன் அது உண்மையிலேயே நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். மேலும் 12 வாரம் தந்தார்; இனி நீட்டிப்பு இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

சமையலறையில் கண்டவை

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். இது என் வழக்கமன்று. வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு தென்னைகள் நிற்கின்றன. ஒரு பகுதித் தேங்காயைக் கொப்பரையாக்கி ஆலையில் ஆட்டி எண்ணெய் எடுத்துவிடுகிறார்கள். கடையில் எண்ணெய் வாங்கியே பல ஆண்டுகள் ஆகின்றன என்று தாயார் பெருமையோடு சொன்னார். தாளில் எழுதியிருந்த ‘தேங்காய் தவிர்க்கவும்’ என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அப்போதுதான் விளங்கியது: மகனின் தட்டில் தேங்காய்ச் சட்னி வைப்பதை நிறுத்தியிருந்தார். எண்ணெயை அவர் தேங்காயாகக் கருதவேயில்லை. அரைத்துச் சேர்ப்பது கறியின் பகுதி, அதுவும் தேங்காயாகாது.

மாதம் எத்தனை தேங்காய் என்று கேட்டதற்குப் பதினைந்து இருக்கும் என்றார். பின்கட்டில் அடுப்பெரிக்கக் குவித்து வைத்திருந்த சிரட்டைகளை அந்த மாத முதல் தேதியிலிருந்து சேர்ந்தவை என்று மருமகள் காட்டினார். எண்ணிப் பார்த்தோம், ஒரு மாதக் கணக்குக்கு 32 தேங்காய் வந்தது. எண்ணெய், தகர டின்னின் அளவைக் கொண்டு பார்த்தால், மாதம் மூன்றரை லிட்டர்.

இந்தக் கணக்கை அங்கேயே ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் போட்டோம். மூன்றரை லிட்டர் எண்ணெயை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 21 கிராம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதிலிருந்து மட்டும் 19 கிராம். ஒரு தேங்காயின் பருப்பைக் குறைந்தது 250 கிராம் என்று கொண்டால் ஆளுக்கு நாள்தோறும் 53 கிராம் தேங்காய், அதில் இன்னும் 16 கிராம். மொத்தம் 35 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர் நிறைவுற்ற கொழுப்பைப் பத்து விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சுமார் 22 கிராம். பாலும் வற்றலும் கணக்கில் சேருமுன்பே இந்த வீடு அந்த எல்லையை ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டியிருந்தது. இதன் மேல் இரண்டு கரண்டி ஓட்ஸைத் தூவி எதைச் சாதித்திருக்க முடியும்?

தாயாரின் எதிர்ப்பு நியாயமானதாகவே இருந்தது. “மக்களே, வீட்டு மரத்துல காய்க்கியத வித்துப்போட்டு, காசு குடுத்துக் கடையில எண்ணெய் வாங்கணுமா?” என்று கேட்டார். தம் தந்தை தேங்காய் எண்ணெயிலேயே உண்டு தொண்ணூறு வயது வரை வாழ்ந்ததையும் சொன்னார். அந்த முதியவர் நாள் முழுவதும் வயலில் நின்றவர் என்பதும், அன்றைய சமையலில் எண்ணெய் இந்த அளவுக்கு ஓடவில்லை என்பதும், அந்த அம்மையார் தாமே அடுத்தடுத்துச் சொன்ன நினைவுகளிலிருந்து வெளிப்பட்டன. நான் அதை வாதமாக ஆக்கவில்லை. தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லையும் சற்று உயர்த்தும் என்று மகன் எங்கோ படித்ததைக் கூறினார். அது உண்மைதான், ஆனால் எச்டிஎல்லை மருந்தால் உயர்த்திய பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. எல்டிஎல் உயர்ந்த ஒருவர் அந்தச் சிறு ஆதாயத்தை நம்பி இருக்க முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாகச் சுமார் 10 மி.கி. உயர்த்துவது தெரியவந்தது.

இரண்டாம் திட்டம்

இம்முறை எதையும் சேர்ப்பதற்கு முன் எதன் இடத்தில் எது வரும் என்று தீர்மானித்தோம். தாளிப்புக்கும் பொரியலுக்கும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் என்று முடிவாயிற்று. இவற்றில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கை எட்டாது. ஆலிவ் எண்ணெயைத் தாளிலிருந்தே அடித்துவிட்டேன். இந்த வீட்டுக் கறிகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, விலையும் தாங்காது. மொத்த எண்ணெயை மாதம் இரண்டரை லிட்டராகக் குறைப்பதென்றும், தேங்காயைப் பன்னிரண்டில் நிறுத்துவதென்றும் எழுதிக்கொண்டோம். இந்த இடத்தில் சிறந்த யோசனை தாயாரிடமிருந்தே வந்தது. அவியலை இறக்கிய பிறகு மேலே பச்சையாக ஊற்றும் ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில்தான் மணம் இருக்கிறது, வேகவைக்கும்போது ஊற்றுவது அடுப்புக்குப் போவதுதான் என்றார். அந்த ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டோம். முதல் தாளின் ‘தவிர்க்கவும்’ என்ற ஒற்றைச் சொல்லால் எட்ட முடியாத இடத்தை இது எட்டியது.

தீயலுக்கு வறுக்கும் தேங்காயில் பாதியைக் கொத்தமல்லி விதையும் சின்ன வெங்காயமும் சிறிது பொட்டுக்கடலையும் பிடித்தன. மீன் திரும்ப வந்தது: வாரம் மூன்று நாள் சாளை அல்லது அயிலை, தேங்காய் அரைக்காமல் குடம்புளியும் மிளகாயும் சேர்த்த குழம்பாக. மீன் கொழுப்பு முக்கியமாக டிரைகிளிசரைடைத்தான் குறைக்கும், எல்டிஎல்லை அதிகம் தொடாது என்பதை அவருக்குச் சொல்லியே கொடுத்தேன். முட்டையின் மேல் இருந்த தடையும் நீங்கியது. மஞ்சள் கரு ஒன்றில் 180 மி.கி.க்கு மேல் கொலஸ்டிரால் இருந்தாலும், உண்ணும் கொலஸ்டிராலைவிட உண்ணும் நிறைவுற்ற கொழுப்பே பெரும்பாலோரின் இரத்த அளவை அதிகமாக உயர்த்துகிறது. வாரம் மூன்று அல்லது நான்கு போதும் என்று வைத்தோம்.

இனிச் சேர்க்க வேண்டியவை. புட்டும் பயறும் அந்தப் பகுதியின் பழைய இணை. ஆனால் அவர்கள் வீட்டில் பயறு எப்போதோ வாரம் ஒருமுறையாகச் சுருங்கியிருந்தது. அதை நாள்தோறும் வேகவைத்த முக்கால் கோப்பையாக்கினோம். சிறுபயறு, கொண்டைக்கடலை, பெரும்பயறு என மாற்றி மாற்றி. புட்டின் அளவு பாதியாகி, அந்த இடத்தைப் பயறு நிரப்பியது. பயறு வகைகளை இந்த அளவில் நாளும் உண்டால் எல்டிஎல் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு இறங்கும் என்பது பல ஆய்வுகளின் தொகுப்பு. நேந்திரங்காய் வற்றலின் இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. ஓட்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் இப்போதுதான் ஒப்புக்கொண்டார். அதை நிறுத்திவிட்டு, இசப்கோல் உமியை 5 கிராம் வீதம் காலையும் இரவும் உணவுக்குமுன் ஒரு முழுக் குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கச் சொன்னேன்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கானதாயிற்றே என்று தாயார் வியந்தார். விளக்கம் எளியது. கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களை உண்டாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. அவற்றில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. வழவழப்பாகக் கரையும் நார்ச்சத்து அந்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிட்டால், கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கான கொலஸ்டிராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளத் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டும். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகவே பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985ல் நோபல் பரிசு பெற்றனர். நிறைவுற்ற கொழுப்போ அதே ஏற்பிகளின் செயலைக் குறைக்கிறது. ஆகவே தேங்காயைக் குறைக்காமல் நார்ச்சத்தைக் கூட்டுவது, ஒரு கதவைத் திறந்துகொண்டே அதே கதவை மூடுவதைப் போன்றது.

வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வாரத்தில் பல நாள் வரும்படி பார்த்துக்கொண்டோம். டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் பல கொழுப்புக் குறைப்பு உணவுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோது சோயா, பாதாம், பார்லி, இசப்கோல் வகை நார் ஆகியவற்றோடு இந்த இரு காய்களும் இடம்பெற்றன. 2003ல் வெளியான அந்த ஆய்வில், அளந்து கொடுக்கப்பட்ட உணவை உண்டவர்களுக்கு நான்கு வாரத்தில் எல்டிஎல் சுமார் 29 விழுக்காடு குறைந்தது. மக்கள் தம் வீட்டிலேயே தாமே தேர்ந்து உண்டபோது, 2011ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் 13 முதல் 14 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களையும் அவரிடம் காட்டி, நமக்கு இரண்டாவதற்குப் பக்கத்தில் வந்தாலே நன்று என்று சொல்லி வைத்தேன்.

டிரைகிளிசரைடுக்காக, நாளொன்றுக்கு ஐந்து முறை குடித்துவந்த தேநீரில் சர்க்கரையை முதல் வாரம் பாதியாக்கி, மூன்றாம் வாரத்தில் நிறுத்தினார். மாலையில் நாற்பது நிமிட நடை.

தொடர்ந்து நடந்தவை

முதல் பத்து நாள் வயிறு உப்புசம். பயறையும் இசப்கோலையும் ஒரே நாளில் முழு அளவில் தொடங்கச் சொன்னது என் பிழை; இரண்டையும் பாதியாகக் குறைத்து மெல்ல ஏற்றியபின் அது அடங்கியது. கல்லூரி மகன் தேங்காய் குறைந்த குழம்பைப் பத்து நாள் ஒதுக்கிவிட்டுப் பிறகு பேசாமல் உண்ணத் தொடங்கினான். தாயார் சுவரிலிருந்த நாட்காட்டியில் தேங்காய் உடைத்த நாளில் ஒரு கோடு போட்டு வந்தார். இதை நான் சொல்லவில்லை. ஜூனில் 17 கோடு, ஜூலையில் 13.

ஆகஸ்டில், ஓணத்துக்கு முந்தைய வாரம், பரிசோதனை. ஓணம் கழித்து எடுத்தால் பாயசமும் வற்றலும் கணக்கைக் குழப்பும் என்று நாளை அப்படித் தேர்ந்தோம். மொத்தக் கொழுப்பு 208, எல்டிஎல் 138, எச்டிஎல் 41, டிரைகிளிசரைடு 146, எடை 74 கிலோ. ஏப்ரலின் 168லிருந்து பார்த்தால் எல்டிஎல் 18 விழுக்காடு இறங்கியிருந்தது. தொடக்கத்தின் 176லிருந்து பார்த்தால் 22 விழுக்காடு. எச்டிஎல் இரண்டு புள்ளி குறைந்ததையும் மறைக்காமல் சொன்னேன். இதில் எந்தப் பங்கு எண்ணெய் மாற்றத்தால், எந்தப் பங்கு நார்ச்சத்தால், எந்தப் பங்கு நான்கு கிலோ எடைக் குறைவால் என்று ஒரே மனிதரை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் அதே பானையில் உண்ட மனைவிக்கு, தனியே எந்த ஆலோசனையும் இல்லாமல், எல்டிஎல் 139லிருந்து 121க்கு வந்திருந்தது. அவர் இசப்கோல் குடிக்கவில்லை, எடையும் மாறவில்லை. எண்ணெயின் பங்கு சிறியதன்று என்று நான் எண்ணுவதற்கு அது ஒரு காரணம்.

160 என்ற எல்லைக்குக் கீழே வந்துவிட்டதால் மாத்திரை இல்லை என்று மருத்துவர் சொன்னார். அந்தக் குடும்பம் மகிழ்ந்தது. நானும்தான்.

அக்டோபரில் தாயாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் உறவினர் வீட்டுச் சாப்பாடும் கடைப் பரோட்டாவுமாக ஓடியது. டிசம்பர்ப் பரிசோதனையில் எல்டிஎல் 159. வீட்டு உணவை ஒரே ஒருவரின் கையை நம்பிக் கட்டியிருந்தோம் என்பது அப்போது வெளிச்சமாயிற்று. மகனும் மருமகளும் அந்தச் சமையலைத் தாயிடமிருந்து கற்றிருக்கவில்லை.

மாத்திரை பற்றிய முடிவு

அந்தச் சந்திப்பில் மருத்துவர் லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையைச் சேர்த்து எழுதினார். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது வராது. எல்டிஎல்லைப் போன்ற ஒரு துகள். அதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது. உணவாலும் நடையாலும் அது அசைவதில்லை. 50க்கு மேல் இருந்தால் மாரடைப்பு வாய்ப்பு கூடுவதாகக் கொள்கிறார்கள். அவருக்கு 68. தந்தையின் மாரடைப்பும் சர்க்கரையின் வாசற்படியும் இதனோடு சேர, 138 கூட இவருக்குப் போதாது, 100க்குக் கீழே இறக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். அந்தத் துகளைக் குறைக்க முடியாதபோது, குறைக்கக்கூடிய எல்டிஎல்லை இன்னும் இறக்குவதே வழி என்பது அவருடைய விளக்கம்.

நோயாளி மிகவும் மனம் தளர்ந்து போனார். ஓராண்டு நாக்கைக் கட்டியது வீண்தானே என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏனெனில் ‘மாத்திரையைத் தவிர்ப்பதற்காக உணவு’ என்று இந்த முயற்சியைத் தொடக்கத்திலேயே போட்டிபோல் அமைத்துக் கொடுத்தவர்கள் நாங்களே. உணவைக் கைவிட்டிருந்தால் இன்னும் அதிக அளவு மருந்து தேவைப்பட்டிருக்கும் என்பதை மருத்துவர் எண்களோடு விளக்கினார். ஜனவரியில் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரவில் ஒன்று எனத் தொடங்கியது. இசப்கோலையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுத்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையலாம் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடச் சொன்னேன். அதே மாதத்தில் தாயார் எழுந்து நடக்கத் தொடங்கி, அடுப்படிக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தபடி, பேரனுக்கும் மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்துச் சமைக்க வைத்தார்.

ஏப்ரலில், அதாவது முதற் பரிசோதனை நடந்து பதினைந்தாம் மாதத்தில், எல்டிஎல் 84, டிரைகிளிசரைடு 138. கல்லீரல் பரிசோதனை இயல்பு. தசைவலி இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.6.

மாற்றிச் செய்ய வேண்டியவை

லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையைப் பன்னிரண்டாம் மாதத்தில் அல்லாமல் முதல் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதுமான பரிசோதனை அது. தந்தைக்கு மாரடைப்பு வந்தவருக்கு அதைத் தள்ளிப்போட வலுவான காரணம் எதுவும் இல்லை. எத்தனை இறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், உணவையும் மாத்திரையையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தியிருக்க மாட்டோம். அவருடைய மனத்தளர்ச்சிக்கும் இடம் இருந்திருக்காது.

முதல் சந்திப்பில் சமைப்பவர் இல்லாமல் பேசியதை நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். வீட்டுக்குச் செல்வது எல்லா நோயாளிக்கும் இயலாது. எனக்கே பிறகு இரண்டு முறைதான் முடிந்தது. ஆனால் சமைப்பவரை அழைத்துவரச் சொல்லலாம், வர முடியாவிட்டால் தொலைபேசியில் பேசலாம். ஒருவரோடு நிறுத்தாமல் வீட்டில் இன்னொருவருக்கும் அந்தச் சமையல் தெரிந்திருக்கிறதா என்றும் கேட்டிருக்க வேண்டும். அந்த அக்டோபரில் நாங்கள் இழந்தது அதனால்தான்.

நார்ச்சத்தை மெல்ல ஏற்றுவதை இப்போது முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: முதல் வாரம் இசப்கோல் ஒருவேளை, பயறு கால் கோப்பை.

பழைய அச்சுத் தாளைக் கைவிட்டுவிட்டோம். அக்ரூட்டும் ஆலிவும் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. புதிய தாளில் உணவுப் பட்டியலுக்கு முன்னால் வீட்டார் நிரப்ப வேண்டிய மூன்று வெற்றிடங்கள் இருக்கின்றன: வீட்டில் உண்பவர் எத்தனை பேர், மாதம் எந்த எண்ணெய் எத்தனை லிட்டர், மாதம் எத்தனை தேங்காய். கடைசி வெற்றிடத்தின் கீழே, சிரட்டையை எண்ணி எழுதவும் என்று சேர்த்திருக்கிறேன்.